வாயால் சொல்லாத விலை

இப்போதெல்லாம் ஒருத்தனும் முகம் பார்த்து எதையும் சொல்வதில்லை. கேட்டால் எழுதிக் கொடுக்கிறேன் என்கிறான். எழுதினதைப் படித்துக் காட்டு என்றால், அங்கே போய்க் கேளு என்கிறான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

திருத்தணியில் வேர்க்கடலைக்குப் பெட்டி வைத்த வருஷத்தைச் சொல்கிறேன். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ. அதற்கு முன்னால் முப்பது வருஷம் என் கடலை முழுக்க ஜம்புலிங்கத்தின் மண்டிக்குத்தான் போனது. வேறு மண்டிப் படியை நான் மிதித்ததில்லை. என் பெண்சாதி பூவம்மாளை அவன் அக்கா என்று கூப்பிடுவான். அக்கா புருஷன் என்கிற முறையில் நான் அவனுக்குப் பாவா.

மண்டிக்குப் போனால் உடனே விலை பேச மாட்டோம். அவன் ஒரு கடலையை உடைத்து வாயில் போடுவான். "ஈரம் கீதே, பாவா" என்பான். "உன் வாய்தான் ஈரம்" என்பேன். அவன் ஒரு விலை சொல்வான், நான் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பேன், அவன் கையைப் பிடித்து உட்கார வைப்பான். பகல் சாப்பாடு அங்கேதான். விலை படியும்போது பொழுது சாயும். எனக்குப் பிள்ளை இல்லை. பூவம்மாள் போன பிறகு, நான் முழுசாக ஒருநாள் பேசினது என்றால் வருஷத்தில் அந்த ஒருநாள்தான். மற்ற நாளெல்லாம் மாட்டிடம் பேசினதுதான்.

அந்த வருஷம் அறுவடை ஆனதும் அவனே ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறி என் வீட்டுக்கு வந்தான். களத்தில் குவியலைப் பார்த்தான்.

"வெல படுத்துடுச்சு, பாவா. மூட்டை நூறுக்கு மேல போவாது. உனக்காக அந்த நூறு."

"சரி, திங்கக்கெழம ஏத்திகினு வரேன்" என்றேன். அன்றைக்கு நான் பேரம்கூடப் பேசவில்லை. அவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்று விட்டுவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குள் உத்தரவு வந்துவிட்டது. இனிமேல் ஊருக்குள் மண்டியில் யாரும் வாங்கக் கூடாது, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டின விற்பனைக் கூடத்தில்தான் வாங்க வேண்டும், வியாபாரிகளும் அங்கேதான் வர வேண்டும் என்று. எங்கே இறக்கினால் என்ன, ஜம்புலிங்கம்தானே எடுக்கப் போகிறான் என்று இருபது மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தகரக் கொட்டகை. என் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, சுண்ணாம்பால் ஒரு நம்பர் போட்டார்கள். கண்ணையன் என்கிற எழுத்தர், "பெரியவரே, வியாபாரிங்க வந்து சரக்கைப் பாப்பாங்க. விலைய சீட்டுல எழுதி இந்தப் பெட்டியில போடுவாங்க. ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்குத் தெரியாது. அதிகமா எழுதினவருக்கு உங்க சரக்கு" என்றான்.

"அப்ப நான் யாராண்ட பேசறது?"

"நீங்க பேசவே வேணாங்க. சம்மதம்னா கைநாட்டு வெச்சா போதும்."

எட்டு வியாபாரிகள் வந்தார்கள். ஒவ்வொருத்தனும் ஒரு பிடி அள்ளினான், உடைத்தான், மென்றான், எழுதினான், போனான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நாலாவதாக ஜம்புலிங்கம் வந்தான். உடைத்து வாயில் போட்டான். ஈரம் என்று சொல்லப் போகிறான் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அவன் கண்ணைக் காட்டிவிட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்தான். அங்கே பேசக் கூடாதாம். மத்தியானம் வரைக்கும் என் மூட்டை மேல் நானே உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியைத் திறந்து கண்ணையன் வாசித்தான். "நூத்திப் பதினெட்டு ஒருத்தர், நூத்திப் பதினஞ்சு ஒருத்தர். எல்லாத்துக்கும் மேல நூத்தி இருபத்திரண்டு. ஜம்புலிங்கம். இன்னைக்கு இதான் பெரிய வெலைங்க. வெய்யுங்க கைநாட்டு."

பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். நான் கைநாட்டு வைக்கவில்லை. நாலு நாள் முன்னால் என் களத்தில் நின்று நூறு என்றவன் அவன்தானே?

ஜம்புலிங்கம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். நேராகப் போய்க் கேட்டேன்.

"நூறுக்கு மேல போவாதுன்னியே?"

அவன் கூசவே இல்லை. "நூறுன்னு எழுதியிருந்தா உன் சரக்கை எவனாவது தூக்கினு போயிருப்பான், பாவா. மத்தவன் இன்னா எழுதறான்னு எனக்குத் தெரியாதே. மண்டின்னா நீ என்கிட்ட மட்டுந்தான் வருவ."

"உன்கிட்ட மட்டும் வர்றவனுக்குத்தான் கொறச்சுக் குடுப்பியா?"

"இன்னா பேசற நீ? அதான் வியாபாரம்."

"நான் வியாபாரத்துக்கு வரலடா."

"பின்ன இன்னாத்துக்கு வந்தே, முப்பது வருஷமா?"

பேசுவதற்கு வந்தேன் என்று எழுபது வயசுக்காரன் எப்படிச் சொல்வது?

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "அக்கா செத்தப்ப மூணு நாளு மண்டிய மூடிட்டு உன் வூட்டு வாசல்ல கெடந்தேனே. அதையும் வியாபாரம்னு சொல்லுவியா?"

கிடந்தான். அது நிஜம். பாடைக்கு மூங்கில் வெட்டினவனும் அவன்தான். அதே வருஷம் கடலைக்கு என்ன விலை போட்டான் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. வராததே நல்லது என்று தோன்றியது.

திரும்பிக் கண்ணையனிடம் போனேன். "ரெண்டாவது சீட்டுக்காரனுக்குக் குடுத்துடு" என்றேன்.

"நாலு ரூபா கொறச்சுக்கா? அப்படிக் குடுக்க முடியாதுங்க. மேல எழுதினவருக்குக் குடுக்கலாம், இல்லன்னா உங்க சரக்கை நீங்களே வெச்சுக்கலாம்."

"அப்ப நானே வெச்சுக்கறேன்."

"இந்த வெல அடுத்த வாரம் வராதுங்க, பெரியவரே. சரக்கு வந்துகினே கீது."

"வராட்டி போவட்டும்."

மூட்டைகளைக் கூடத்துக் கிடங்கில் போட்டு ரசீது கொடுத்தான். ஜம்புலிங்கம் மரத்தடியில் இருந்து வந்து, "பைத்தியக்காரத்தனம் பண்ணாத. சம்மதம் சொல்லிட்டு வூட்டுக்கு வா, சாப்டலாம். கோவிந்தம்மா உனக்கும் சேத்து ஒலை வெச்சிருக்கா" என்றான். கோவிந்தம்மாள் அவன் பெண்சாதி. அவன் குரல் பழைய குரலாகவேதான் இருந்தது. பசியும் இருந்தது. ஆனால் இந்தக் குரலில்தானே நூறு என்று சொன்னான்?

வெறும் வண்டியில் மாட்டைப் பூட்டினேன். பெட்டி வந்த பிறகுதான் குடியானவனுக்கு நியாயம் கிடைத்தது என்று கூடத்து வாசலில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். இருக்கலாம். பெட்டி இல்லாத காலத்தில் அவன் என்னை ஏமாற்றினான் என்பதைத்தான் அது எனக்குச் சொன்னது. ஏமாற்றினவன் எதற்காக மூன்று நாள் வாசலில் கிடந்தான் என்று அது சொல்லவில்லை. அதான் வியாபாரம் என்று அவன் சொன்ன காரணமும் என் புத்தியில் ஏறவில்லை.

அவன் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். நான் வண்டியில் ஏறவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஆர்.கே.பேட்டை ரோட்டில் நடந்தேன்.