ஸ்தேனின் நாற்பத்தொரு பிக்கப்புகள்

கவியரசன் நாமக்கல்காரன். லாரிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன். அதனால்தானோ என்னவோ, பாரிஸில் அவனுக்கு வாய்த்த வேலையும் வண்டிகளைப் பற்றியதாகவே அமைந்தது. பிரான்சில் எந்த ஊரில் எந்தக் கம்பெனியின் டீசல் பிக்கப் எத்தனை ஓடுகிறது என்று வரைபடம் போட வேண்டும். ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமையோடு தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமானால் விசா நீளும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் பிராங்க் வரைபடத்தின் ஒரு புள்ளியில் விரலை வைத்தார். ஸ்தேன். பாரிஸுக்கு வடக்கே அடுக்குமாடிகளும் கடைகளுமாக இருக்கும் புறநகர். அங்கே ஏர் இல்லை, மலை இல்லை, மரம் வெட்டுகிறவனும் இல்லை. ஆனால் மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பிக்கப் பதிவாகியிருந்தது. நாற்பத்தொன்றும் இசுசு டி-மாக்ஸ். பக்கத்துத் திரான்சியில் ஒன்றே ஒன்று.

"இது தட்டச்சுப் பிழை. இல்லையென்றால் வெள்ளிக்குள் காரணம் சொல். பிழை என்றால், உன் வரைபடத்தில் மீதியை நான் எப்படி நம்புவது?" என்றார் பிராங்க். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கேட்கும் கேள்வியிலிருந்துதான் தப்பிக்க முடியாது.

கவியரசன் கணக்கை நாலு முறை சரிபார்த்தான். பிழை இல்லை. பதிவில் இருந்த பெயர்களைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அத்தனையும் தமிழ்ப் பெயர்கள். மறுநாள் மாலை மெட்ரோ ஏறி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இறங்கினான்.

அங்கே ரூ காய் என்ற தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஈழத்துக்காரர் குலசேகரம் அவனுக்குப் பழக்கம். முருங்கைக்காய் வாங்கும்போது ஊர்க்கதை பேசுவார். விஷயத்தைச் சொன்னதும் அவர் வாசலைக் காட்டினார்.

"அங்கை பாரும். ஆள் வருது."

வெள்ளை டி-மாக்ஸ் ஒன்று தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு வேன்களுக்கு நடுவே இருந்த இடம், கவியரசன் கண்ணுக்கு, ஒரு கைவண்டிக்குத்தான் காணும். வண்டி நின்றது, பின்னால் போனது, ஒரே வெட்டில் உள்ளே போய் உட்கார்ந்தது. இருபக்கமும் ஒரு சாண் இடைவெளி. நாமக்கல்லில் அப்படி வண்டி விடுகிறவரை நடுத்தெருவில் நிறுத்திக் கும்பிடுவார்கள். கதவு திறந்து, காட்டன் சேலையும் சப்பாத்துமாக ஓர் அம்மாள் குதித்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

சாரதாதேவி. ஸ்தேனில் சமையற்கூடம் வைத்துக் கல்யாணங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர். வெங்காயம் எடுக்க வந்திருந்தார்.

"அக்கா, ஸ்தேன்ல எல்லாரும் ஏங்க்கா இந்த வண்டியே வாங்குறாங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, மூண்டரைத் தொன் இழுக்கும். சோத்துக் கிடாரம் ஆறு ஏத்தினாலும் முனகாது."

"மத்த கம்பெனி வண்டியும் அதே அளவு இழுக்குமேக்கா. ரேஞ்சர், ஹைலக்ஸ்..."

"இழுக்கும்தான். ஆனா சனம் எதை எடுக்குது? இதைத்தானே! நான் ஒருத்தரையும் எடுக்கச் சொல்லேல்லை. வாகனத்தின்ர திறம் தம்பி, திறம்!" என்று வண்டியின் நெற்றியில் தட்டிவிட்டு, வெங்காயம் பொறுக்க உள்ளே போனார்.

குலசேகரம் இருமினார். அவனைக் கடைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"வாகனமுமில்லை, ஒண்டுமில்லை. அவவின்ர கை."

ஒரு மாசியில் பாரிஸைப் பனி மூடிய அன்று, நெடுஞ்சாலையில் வண்டிகள் எல்லாம் செத்தபடி கிடந்தனவாம். ஒரு கல்யாண மண்டபத்தில் நானூறு பேர் இலைக்கு முன்னால் காத்திருந்தார்கள். சாரதாதேவி மட்டும் இந்த வண்டியில் கிடாரங்களை ஏற்றி, தெருத்தெருவாய் ஊர்ந்து, சோறு சூடு ஆறுமுன் மண்டபத்து வாசலில் நின்றார். பிறகு ஒலிபெருக்கிக்காரன் கரிகாலன் புது வண்டி எடுத்தபோது, தேசிக்காய் எனும் எலுமிச்சம்பழம் நாலைச் சக்கரச் சில்லுகளுக்குக் கீழே வைத்து, சாரதாதேவியையே முதலில் ஓட்டி நசுக்கச் சொன்னான். அந்த வருடம் அவனுக்கு ஒரு சனிக்கிழமைகூட ஓய்வு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மீன்கடைக்காரர், கட்டட வேலைக்காரர், பந்தல் போடுகிறவர் என்று வரிசை கட்டிவிட்டார்கள்.

"ஆனா அவ சொல்லிப்போட்டா, பழக்கமில்லாத வாகனத்திலை தான் கை வைக்க மாட்டாவாம். பிறகென்ன, சனம் எல்லாம் அவவின்ர வாகனத்தையே எடுத்துது."

"அக்காவுக்கு இது தெரியாதுங்களா?"

"ஐயோ! பெரியாள் எண்ட மரியாதைக்குக் கூப்பிடினம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. கைராசியை வாய்விட்டுச் சொன்னா நாவூறு பட்டிடும். பிறகு கையிலை ராசி நிக்காது. ஸ்தேனிலை ஒரு குஞ்சு குருமான்கூட அவவிட்டை மூச்சு விடாது. நீரும் பேரை எங்கையும் எழுதக்கூடாது. கொம்பனிக்காரன் மணம் பிடிச்சானெண்டா விளம்பரத்துக்கு மாலையோடை வந்து நிப்பான்."

கவியரசன் தலையாட்டிவிட்டான். ஆட்டிய பிறகுதான் சிக்கல் உறைத்தது. கையில் காரணம் இருக்கிறது, காகிதத்தில் எழுத முடியாது. ராசியிலெல்லாம் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. கொடுத்த வாக்கில் உண்டு. வீடு வரும்வரை அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

வியாழன் காலை பிராங்கிடம், "ஒரு மனிதர்மேல் ஊருக்குள்ள நம்பிக்கைதான் காரணம். பெயர் சொல்ல மாட்டேன். மாலையில் வந்தால் காட்டுகிறேன்," என்றான். பிராங்க் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கோட்டை எடுத்தார்.

குலசேகரம் சொல்லியிருந்தபடி, அன்று யதுர்ஷன் என்ற மீன் வியாபாரி புது வண்டி எடுத்திருந்தார். ஸ்தேனின் வாகனத் தரிப்பிடத்தில் பழைய டி-மாக்ஸ்கள் பதினேழு வரிசையாக நின்றன. கற்பூரம் கொளுத்தினார்கள். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய். சாரதாதேவி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். அத்தனை பெரிய வண்டி அசைந்ததே தெரியவில்லை. நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. அவர் இறங்கி, சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். யதுர்ஷன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கவியரசன் அதைப் பார்த்து நின்றான். இந்த ஊரே ஒருத்தியை இப்படிக் கொண்டாடுகிறது, அவளுக்கு மட்டும் தெரியாமல்!

சாரதாதேவி பிராங்கைப் பார்த்ததும் பெருமையாகப் பிரெஞ்சில் ஆரம்பித்தார்.

"பார்த்தீர்களா மிசியே? இங்கே ஒருவரும் வேறு வண்டி வாங்குவதில்லை. ஏன் தெரியுமா? இயந்திரம் அப்படி!"

எல்லாம் புரிந்துவிட்ட பிராங்க் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளர் என்றும் பாராமல் கவியரசன் அவர் காலை மிதித்தான். பிராங்க் அவனைப் பார்த்தார், வரிசையாய் நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"ஆமாம் மேடம். இயந்திரம்தான்," என்றார்.

திரும்பும் வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நாற்பத்திரண்டு என்று மாற்றிவிடு."

வெள்ளிக்கிழமை நியமனக் கடிதம் வந்தது. எல்லாரும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ராசியில் நம்பிக்கையில்லாத கவியரசன் திங்கள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, நேரே ரூ காய்க்கு ஓடினான். சாரதாதேவி உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பையை மாட்டிக்கிறேன், இதைக் கொஞ்சம் புடிங்களேன்."

அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு உறையை வாங்கினார். "என்ன தம்பி, கடுதாசியோ?"

"ஆமாங்கக்கா. இப்பக் குடுங்க."

அவர் நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். கடைக்குள்ளிருந்து குலசேகரம் பலமாக இருமினார்.