கதவில் மாட்டிய ரப்பர் பட்டை

மருமகளுக்கு ரப்பர் கம்பெனியில் சோதனை வேலை. ரப்பர் துண்டுகளை மெஷினில் மாட்டி, அறுந்து போகும்வரை திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தாலும் ஒவ்வொரு இழுப்புக்கும் அது வளரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பக்கவாதம் வந்து தேறிய மாமனார், கைப் பயிற்சிக்காக தினமும் கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி இழுப்பார். கைப்பிடி உரசிப் பட்டையின் ஓரம் கிழியத் தொடங்கியிருந்ததை அன்று காலை அவள் பார்த்தாள்.

"மாமா, இந்தப் பட்டை..." என்று வாயெடுத்தாள்.

"மலடிக்குக் காலங்காத்தால என்ன பேச்சு? போய் வேலையப் பாரு" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான்.

அவள் கிழிந்த ஓரத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "ஒண்ணுமில்ல மாமா. இன்னும் நல்லா இழுங்க, கைக்கு பலம் வரும்."

அவர் வீம்புக்குச் சாய்ந்து இழுத்தார். பட்டை படாரென்று அறுந்து வலது கண்ணில் அடித்தது. அலறிக்கொண்டு நாற்காலியோடு சரிந்தார்.

கணவன் ஈரத்தலையோடு ஓடி வந்தான். "எப்படி அறுந்துச்சு? நீ இங்கதானே இருந்தே?"

"ரப்பர்தானே, அறுந்துடுச்சு" என்றாள்.

கண் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட மாமனார் இப்போது "அம்மாடி" என்றுதான் கூப்பிடுகிறார். முதல் தடவை கூப்பிடும்போது அவள் போவதில்லை.