கீழவாசலில் நிற்பவர்

நான்மாடத்துக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் ரவிசங்கரை அடிக்க வேண்டும்.

கீழவாசலில் அவர் நிற்பார். கோடு போட்ட சட்டை, தடித்த கண்ணாடி, லேசான தொந்தி. புதிதாக விளையாட வருகிறவன் கையில் ஒரு கம்பைக் கொடுப்பார்கள். ஓர் அடி விழுந்ததும் அந்தப் பொம்மை, "ஐயோ, எல்லாருக்கும் உண்டு!" என்று கத்தும். கதவு திறக்கும். தலைக்கு மேலே கூரை போல, அவர் படம் போட்ட ஒரு பெரிய ஃபிளெக்ஸ் சாய்ந்து நிற்கும்: 'நான்மாடத்தைக் கொன்ற நல்லவர்'.

அந்த ஃபிளெக்ஸில் இருக்கும் படம் எங்கே எடுத்தது என்பதுகூட ரவிசங்கரின் மகள் ஸ்ரீவர்ஷினிக்குத் தெரியும். அவளுடைய காதுகுத்து விழாவில் எடுத்தது. ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும் பட்டுப்பாவாடை அவளுடையது.

அந்த விளையாட்டை உண்டாக்கியதே ரவிசங்கர்தான். தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு முழு நகரத்தையே கணினிக்குள் கட்டினார். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இணையம் வழியாக உள்ளே வந்து, வகையறா என்ற பெயரில் குழுக் குழுவாகச் சேர்ந்து, கடை போட்டு, பயிர் வைத்து, சண்டை பிடித்து வாழலாம். ஆசை கொஞ்சநஞ்சமில்லை. மதுரையில் மழை பெய்தால் நான்மாடத்திலும் பெய்யும். வைகையில் தண்ணீர் வந்தால் அங்கேயும் ஆறு ஓடும். நம்பிப் படகு வாங்கியவர்கள் அதை மணலில் நிறுத்தி வைத்துவிட்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டினார்களே தவிர யாரும் போகவில்லை.

போனது திருவிழாவில். வருடத்துக்கு ஒருமுறை மேலவாசலில் ஏற்றும் பந்தத்தை ஊரைச் சுற்றிக் கொண்டுவந்து, அணையாமல் கோயில் முன்னால் நட வேண்டும். நடுகிறவருக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை. பரிவட்டம் கட்டியவர் ஒன்று கேட்கலாம். என்ன கேட்டாலும் நான்மாடம் மறுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவரும் ரவிசங்கர்தான். முதல் மரியாதை என்று ஒன்றை வைத்தால் இந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

மூன்றாம் வருடம் இரண்டு வகையறாவின் பந்தங்கள் ஒரே நேரத்தில் கோயிலுக்கு வந்தன. திரையில் ஆரம்பித்த வாய்ச்சண்டை திருமங்கலம் பேருந்து நிலையத்தில் மண்டை உடைப்பில் போய் நின்றது. ரவிசங்கர் வெலவெலத்துப் போனார். மறுநாள் காலையில் விளையாட்டைத் திறந்தால் எல்லோர் தலையிலும் பரிவட்டம். முந்தின நாள் சேர்ந்தவன் தலையிலும், சந்தையில் நின்ற கழுதையின் தலையிலும்கூட. 'எல்லாருக்கும் உண்டு' என்று அவர் குரலிலேயே ஓர் அறிவிப்பு வேறு. அடித்துக்கொண்ட இரண்டு வகையறாவும் அன்றைக்கே ஒன்றுபோல வெளியேறின. அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஒரு மாதத்தில் நான்மாடம் காலி. ரவிசங்கர் மாடியைப் பூட்டிவிட்டு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜவுளிக்கடையில் பில் போட உட்கார்ந்தார்.

பல வருடங்கள் கழித்து அதை எழுப்பியவன் அழகுபாண்டி. திருமங்கலத்தில் செல்போன் பழுது பார்க்கிறவன். மண்டை உடைந்தவர்களில் ஒருவன். பழைய ஆட்களைத் தேடிப்பிடித்து, அவர்களிடமிருந்த பழைய கோப்புகளையெல்லாம் ஒட்டவைத்து, செல்போனில் ஓடும்படி செய்தான். மழையைக்கூட மாற்றவில்லை. புதிதாகச் சேர்த்தது வாசலில் நிற்கும் பொம்மையை மட்டும்தான்.

பதினொன்றாம் வகுப்பில் ஸ்ரீவர்ஷினி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலே பையன்கள், "எல்லாருக்கும் உண்டு!" என்று கூவுவார்கள். ஒருநாள் அப்பா அவளை அழைத்துப்போக வந்தபோது, ஒருவன் அவர் எதிரில் நின்று குடைக்கம்பால் காற்றில் நாலு அடி அடித்துக் காட்டினான். அப்பா சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் திட்டும்போது அம்மா சூடாமணி மூச்சு விடவே மாட்டாள்.

"உங்க பொம்மையால பிள்ளை படிப்பு போச்சு. எவனையாச்சும் போய் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சின்னப் பயலுக. விளையாடுறாங்க."

"உங்களை வச்சுல்ல விளையாடுறாங்க!"

அப்பா அதற்கும் சிரித்தார்.

அந்தப் பொம்மையை அங்கிருந்து எடுக்க வைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி பரிவட்டம். ஸ்ரீவர்ஷினி 'கள்ளிமுள்' என்று பெயர் வைத்துக்கொண்டு கீழவாசலுக்கு வந்தாள். கையில் கம்பைக் கொடுத்தார்கள். ஓர் அடி போதும். அவள் நாலு அடி அடித்தாள். சிரித்ததற்கு ஒன்று. மற்றவை எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கை கூசவில்லை.

செல்வக்குமார் என்பவனின் வகையறாவில் சேர்ந்தாள். பரவை காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவன். மற்றவர்கள் மைக்கில் பேசுவார்கள். அவள் தட்டச்சு மட்டும் செய்வாள். பையன் என்றே நினைத்தார்கள்.

"டேய் கள்ளி, வாய் இருக்கா இல்லையாடா உனக்கு?"

"விடுங்க மாப்ள. பேசாதவந்தான் வேலை பாக்குறான்."

"அந்தக் கண்ணாடிக்காரன் மட்டும் என் கையில சிக்கட்டும்..."

"சிக்குனா என்ன செய்வ?"

"அவன் கடையிலயே வேட்டி எடுத்து, அவனையே பில் போட வச்சு, அப்புறம் வேணாம்னு திருப்பிக் குடுப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கும் முகம் ஒன்றைத் தட்டி அனுப்பினாள். அனுப்பிய விரலை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

திருவிழா ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. செல்வக்குமார் கையில் பந்தம், சுற்றிலும் வகையறா. பாதி ஊரைச் சுற்றியிருப்பார்கள். ஸ்ரீவர்ஷினி ஜன்னல் வழியே பார்த்தாள். வடமேற்கே, பரவைப் பக்கம், வானம் கறுத்துக் கிடந்தது.

"அண்ணே, மழை வருது," என்று தட்டினாள்.

"இங்க வந்துருச்சுடா! போன் நனையுது, தொட்டா எதுவும் வேலை செய்ய மாட்டேங்குது. இந்தா, நீ பிடி!"

பந்தம் அவள் கைக்கு வந்தது. மதுரைக்குள்ளும் தூறல் விழத் தொடங்கியது. நான்மாடத்திலும் விழுந்தது. மற்ற வகையறாக்களின் பந்தங்கள் ஒவ்வொன்றாகப் புகைந்து அடங்கின. கூரையுள்ள இடம் அந்தத் தெருவில் எங்கே இருக்கிறது? அவள் கீழவாசலுக்கு ஓடினாள். ஃபிளெக்ஸுக்கு அடியில், பொம்மையை ஒட்டி நின்றாள்.

மழை கொட்டியது. அவரைக் கேவலப்படுத்தக் கட்டிய ஃபிளெக்ஸின் மேல் தண்ணீர் வழிந்து இரண்டு பக்கமும் ஊற்றியது. உள்ளே ஒரு பொட்டு விழவில்லை. மழையிலும் ஒருவன் புதிதாக வந்து, அவளைத் தாண்டிக் கை நீட்டி, பொம்மையை ஓர் அடி அடித்துவிட்டு உள்ளே போனான். "ஐயோ, எல்லாருக்கும் உண்டு!" என்றது அப்பாவின் குரல், அவள் காதோரத்தில்.

மழை விட்டதும் கோயிலுக்குப் போய்ப் பந்தத்தை நட்டாள். பரிவட்டம் கட்டினார்கள். வகையறாவின் கூச்சலில் செல்போன் அதிர்ந்தது.

"கேளு கள்ளி," என்றான் அழகுபாண்டி. "ஊரே பாக்குது. என்ன வேணும்?"

அவள் முதல் தடவையாக மைக்கைத் திறந்தாள்.

"கீழவாசல்ல நிக்கிறது எங்க அப்பா."

எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"பொம்பளப் பிள்ளையா?"

"ரவிசங்கர் மகளா! இம்புட்டு நாளா கூடவே இருந்து ஏமாத்திருக்கு பாரு."

"வெளிய தள்ளுங்கண்ணே!"

"பொம்மையை எடுக்கச் சொல்லுவா. எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"எடுக்க மாட்டேன்," என்றான் அழகுபாண்டி. "என் மண்டையில இன்னும் தையல் தழும்பு இருக்கு பாப்பா. உங்க அப்பன் வந்து பாத்தானா?"

செல்வக்குமார் குறுக்கே வந்தான். அவனுக்கும் அவள்மேல் கோபம்தான், குரலே சொன்னது. "அண்ணே, பரிவட்டம் கட்டியாச்சு. இப்ப மறுத்தா, பரிவட்டத்து மரியாதையைக் கெடுத்த அந்தாளும் நீங்களும் ஒண்ணு. நான் என் ஆளுகளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"சரி, எடுத்துத் தொலைக்கிறேன்," என்றான் அழகுபாண்டி. "அடிவாங்கிக்கிட்டுச் சிரிக்கிற ஆளு. அதுக்கு மக வந்து கெஞ்சுது. பாவம், போகட்டும்."

அந்தப் பாவம் என்ற சொல் அவளுக்குள் எங்கேயோ குத்தியது. அதற்கு அந்தக் குடைக்கம்பே தேவலை.

"எடுக்க வேணாம்," என்றாள்.

"பின்ன?"

"அவர் கையிலயும் ஒரு கம்பு குடுங்க. அடிக்கிறவனைத் திருப்பி அடிக்கணும்."

"எம்புட்டு பலமா?"

"எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். செல்வக்குமார் தன்னை மறந்து சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே மைக்கை அணைத்தான்.

மறுநாளே கீழவாசலில் கூட்டம் தேங்கியது. புதியவர்கள் ஓர் அடி அடித்தார்கள். பத்து வாங்கிக்கொண்டு சுருண்டார்கள். அவள் வகுப்புப் பையன்களும் வரிசையில் நின்று அடி வாங்கினார்கள். ஸ்ரீவர்ஷினி சோற்றைப் பிசைந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பா வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"யாரு செஞ்சது இது?"

"நான் கேட்டேன். செஞ்சாங்க."

"உன்னை யாரு அங்க போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்களை அடிச்சுட்டுத்தான் உள்ள போனேன். நாலு அடி."

இதற்கும் சிரித்தால் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவது என்று இருந்தாள். அவர் சிரிக்கவில்லை. செல்போனை அவள் கையிலிருந்து பிடுங்கி, கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்தார். திரையில் அவர் ஒருவனை விளாசிக்கொண்டிருந்தார்.

"கம்பை வலது கையில குடுத்திருக்கான் மடையன்," என்றார். "நான் இடது கைக்காரன்."

அவர் யாரையும் மடையன் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. செல்போனை வாங்கி அழகுபாண்டிக்கு அப்படியே எழுதினாள். உடனே பதில் வந்தது: 'வேணும்னா உங்க அப்பன் வந்து கேக்கட்டும். மகளை அனுப்புறதோட சரியா?'

அப்பா அதைப் படித்தார். காது சிவந்தது. மறுபடியும் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, நின்றபடியே இடது கையால் தட்டத் தொடங்கினார்.

சூடாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இப்ப யாரோட சண்டை?"

ஸ்ரீவர்ஷினி எச்சில் கையோடு எழுந்து, அப்பாவின் தோளை ஒட்டி நின்று அவர் தட்டுவதைப் படித்தாள்.