முன் சக்கரம் ஏன் நின்றது

"சரி பண்ண வேணாம்ண்ணே. எதனால நிக்குதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றார் மகேஸ்வரி போனில்.

இருபத்திரண்டு வருடமாகப் பேகம்பூரில் பட்டறை வைத்திருக்கிறேன். சரி பண்ண வேண்டாம் என்று சொல்லி ஒருவரும் என்னை வேலைக்குக் கூப்பிட்டதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அதுக்கு ஜோசியக்காரனக் கூப்பிடுங்கம்மா, மெக்கானிக் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"அவுகளையும் கேட்டாச்சு," என்றார். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சித்தையன்கோட்டைக்குக் கிளம்பினேன்.

ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு. மோட்டார் ரூமை ஒட்டிய தகரக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் வண்டி நின்றது. நான்கு சக்கர பைக். கொடைக்கானலில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சலித்துப் போனதை, மகேஸ்வரியின் கணவர் நாச்சிமுத்து இரண்டாம் கையாக வாங்கி, மேட்டுத் தோட்டத்துக்கு எரு மூட்டை ஏற்றப் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு பட்டனை அமுக்கினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை கிடைக்கும். சாதாரணப் பாதையில் அது சும்மாதான் இருக்கும். பின் சக்கரம் வழுக்கினால் முன் சக்கரம் கை கொடுக்கும். இந்த வண்டியில் அது சில நேரம் கொடுத்தது, சில நேரம் கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால், எப்போதும் வேலை செய்யாத வண்டியைக்கூட நம்பலாம். எப்போதாவது காலை வாருகிற வண்டியை நம்பவே கூடாது.

மகேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். கொட்டகைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னார்.

"சித்திரைல, உச்சி வெயில்ல, எருவ ஏத்திக்கிட்டுத் தனியாப் போனாரு. மேட்டுக்கு ஏறுற எடத்துல கெணறு இருக்கு. வண்டி பின்பக்கமா வந்து கெணத்து ஓரத்துக் கமலைக் கல்லுல முட்டி நின்னுச்சு. அவரு உள்ள, பாறையில கெடந்தாரு."

"வண்டி சறுக்கி விழுந்திருக்கார். அதான?"

"வண்டிக்கு ஒரு கீறல் இல்லையேண்ணே. அவராத்தேன் எறங்கிப் போயிக் குதிச்சாருன்னு ஊருக்குள்ள பேசுறாக. அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை. போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன்." அவர் அழவில்லை. "வண்டியா, அவரான்னு எனக்குத் தெரியணும்."

போனில் ஜோசியக்காரன் என்று வாயை விட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மின்சாரம் வந்தால் முன் சக்கரத்தை எஞ்சினோடு பிணைக்கும் காயிலை மீட்டரில் பார்த்தேன். நன்றாக இருந்தது. பட்டனைத் தட்டினால் பன்னிரண்டு வோல்ட் வந்தது. பத்து தடவை தட்டினேன், பத்து தடவையும் வந்தது. கொட்டகைக்குள் அந்த வண்டியைப் போல நல்ல பிள்ளை கிடையாது. சரி, விழுந்த இடத்தில் போய்ப் பார்ப்போம் என்று, காயிலுக்குப் போகும் வயரில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் கட்டினேன். மின்சாரம் போகிறவரை பல்பு எரியும். போகவில்லை என்றால் அணையும். என்ன ஏது என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை.

பாதை தோப்பைத் தாண்டி, சரளைக் கல்லாகி, ஒரே ஏற்றமாக ஏறி இடது பக்கம் ஒடிந்தது. அந்தத் திருப்பத்துக்கு நேர் பின்னால் கிணறு. சுற்றுச்சுவர் இல்லை. அறுபது அடி இருக்கும். எட்டிப் பார்த்தேன், அடியில் பாறையும் ஒரு பாய் அளவுக்குத் தண்ணீரும். சுற்றிலும் அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது. கிணற்றின் விளிம்பில் மட்டும் துளிக் காற்றில்லை. பக்கத்துத் தென்னையில் ஒரு மட்டைகூட அசையவில்லை.

வண்டியின் முன்பக்கம் டிராக்டர் சங்கிலியை மாட்டி, மறு முனையை மேட்டில் நின்ற தென்னையில் கட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டேன். பயமில்லை என்று சொன்னால் பொய்.

முதல் தடவை ஏறினேன். திருப்பத்துக்குப் பத்தடி முன்னால் கிணற்றுக்குள்ளிருந்து புறாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் படபடவென்று மேலே வந்தன. நான் ஹாண்டில்பாரை இடது பக்கம் ஒடித்தேன். பல்பு அணைந்தது. பின் சக்கரம் சரளையில் சுழன்றது, முன் சக்கரம் செத்துக் கிடந்தது. பிரேக்கைப் பிடித்தும் வண்டி பின்னால் வழுக்கியது. யாரோ கேரியரைப் பிடித்து நிதானமாக இழுப்பது போலத்தான் இருந்தது. சங்கிலி விறைத்து நிற்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. மீட்டர் பலகையைப் பார்த்தால், நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று காட்டும் ஆல் வீல் விளக்கு ஒன்றும் தெரியாதது போல எரிந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவும் அதை நம்பித்தானே ஏறியிருப்பார்.

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை நான் வேண்டுமென்றே சத்தமில்லாமல், முதல் கியரில் ஊர்ந்தேன். அப்போதும் வண்டி நிற்பதற்கு முன்னால், முன்னால்தான், புறாக்கள் கிளம்பின. மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருக்கிறது. இதற்கு இன்றுவரை இல்லை.

வண்டியைச் சங்கிலியிலேயே நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் பண்ணி, ஹாண்டில்பாரை மெல்லத் திருப்பினேன். வலது பக்கம் எரிந்தது. நேராக எரிந்தது. இடது பக்கம் முழுக்க ஒடித்தால் அணைந்தது. வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஹாண்டில்பாரின் கழுத்தில், வயர்க் கூட்டத்தோடு சேர்த்துக் கட்டிய கறுப்புத் திருஷ்டிக் கயிறு தட்டுப்பட்டது. ஒன்றல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது. முடிச்சுகள் புளியங்கொட்டை போல இறுகிக் கிடந்தன. கத்தியால் அறுத்துப் பிரித்தேன். அடியில் காயிலுக்குப் போகும் வயர், மேல் தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்து பச்சை பூத்திருந்தது. நேராக இருந்தால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், இடது பக்கம் இழுத்தால் விலகும். நேற்று அறுந்ததல்ல அது. மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்தது.

கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் புத்தியே அப்படி. வாய் முந்திவிடும், மூளை பின்னால் வரும்.

"எந்த மடையன் இதை இப்படி இறுக்கிக் கட்டுனது? வயர் அசையக்கூட எடமில்லாம! இதான் அவர் உசிர எடுத்திருக்கு!"

பின்னால் மகேஸ்வரி நின்றிருந்தார். வந்தது எனக்குத் தெரியாது.

"நாந்தேண்ணே," என்றார்.

நான் கத்தியை மடக்கினேன்.

"வண்டி வந்த அன்னைக்கே திருஷ்டிக்கு ஒண்ணு கட்டுனேன். பெறகு முன் சக்கரம் திடீர் திடீர்னு செத்துப் போவுதுன்னு வந்து சொல்லுவாரு. வண்டிக்குக் கண்ணு பட்டிருக்குன்னு அமாவாசைக்குக் கோயில்ல ஓதி வாங்கிக் கட்டுவேன். பழச அவுக்கக் கூடாதும்பாக, அதனால மேலயே கட்டுனேன். திரும்பியும் செத்துப் போச்சும்பாரு. இன்னொண்ணு கட்டுவேன். இன்னும் இறுக்கி."

"அம்மா, தெரியாமச் செஞ்சது. நான் ஏதோ ஆத்திரத்துல..."

"அப்ப அவரா போகல."

"இல்லம்மா. சத்தியமா இல்ல. ஒடிச்ச நேரத்துல வண்டி கைவிட்டிருச்சு. கல்லுல முட்டிக் குலுங்குனதுல கெணத்துக்குள்ள தூக்கிப் போட்டிருக்கும்."

"என்னைய விட்டுட்டுப் போகணும்னு போகல."

"இல்லம்மா."

அவர் முகத்தில் வந்ததை நான் எப்படிச் சொல்ல? நிம்மதிதான். பிறகு அவர் கமலைக் கல்லில் போய் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் கிணற்றுக்குள் பேசினார்.

"ஏங்க, கயித்தாலதேனாம். நான் கட்டுனதாலதேனாம். கேட்டீகளா?"

தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். நானும் என்னையறியாமல் காது கொடுத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் இரண்டு தடவை தலையாட்டினார். "சரிங்க," என்று சொல்லி எழுந்தார். அவருக்கு என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. சங்கிலியைக் கழற்றிச் சாமான்களைப் பைக்குள் அள்ளிப் போட்டேன்.

"அந்த வயரக் குடுங்கண்ணே. ஊருல பேசுறவுகளுக்குக் காட்டணும்."

அறுந்த பாகத்தை நறுக்கி அவர் கையில் வைத்தேன். அவர் குனிந்து, நான் வெட்டிப் போட்ட கயிறுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"அது எதுக்கும்மா?" நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "வயர மட்டும் காட்டுங்க, போதும். கயிறு விசயம் நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

அவர் ஒன்பதையும் எண்ணி, வயரோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"வயரு எப்பிடி அந்துச்சுன்னு கேப்பாகல்லண்ணே," என்றார்.