இரண்டாவதாக வந்த அழைப்பு

ஒலிபரப்பு அறையில் அன்று மூன்று பேர். நீள மேசையின் ஒரு பக்கம், மைக்குக்கு முன்னால், நிகழ்ச்சி நடத்துகிற சிவமலர். எதிர்க் கதிரையில் விருந்தினர் உருத்திரமூர்த்தி; மண்டபங்களில் மணவறை சோடிக்கிறவர். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால், தொலைபேசியும் ஒலிக்கலவைப் பெட்டியும் வைத்த சின்ன மேசையில், அழைப்புகளை எடுத்து இணைக்கிற நவரத்தினம்.

2006 ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. புலம்பெயர்ந்த தமிழர் கட்டிய ஊன்ட்றொப் கோயிலிலிருந்து காரில் அரை மணித்தியாலத் தூரத்திலுள்ள சிறு நகரம். அதன் வானொலி இரண்டு கிழமைக்கு ஒருக்கால் தமிழருக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தது. அன்றைய பொருளைச் சிவமலர் ஒருவரையும் கேட்காமல் தெரிவு செய்திருந்தார்: சாமத்தியச் சடங்கை இங்கே மண்டபம் எடுத்துச் செய்யத்தான் வேண்டுமா?

நவரத்தினத்துக்கு அந்தப் பொருள் உவப்பாயில்லை. அவர் மகள் ஆதிரை மாசியில் பெரியபிள்ளையானவள். ஆவணியில் சடங்கு. மண்டபம் எடுத்தாயிற்று, அவள் படம் போட்ட அழைப்புக் கார்ட்டும் அடித்தாயிற்று. மனைவி ரஞ்சினியின் தமையன் சிதம்பரம் ஹம்பேர்க்கில் இருக்கிறார். தாய்மாமன் முறை செய்ய அவர் லீவும் எடுத்துவிட்டார். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடக்கிற நாட்கள், ஆர் போன் எடுக்கப் போகினம் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் நவரத்தினம் வந்து இருந்தார்.

முதல் அழைப்பு சுகம் விசாரித்ததோடு முடிந்தது. இரண்டாவது விளக்கு மினுங்கியது.

"வணக்கம், ஆர் கதைக்கிறது?"

"அப்பா, நான். என்னை லைனிலை விடுங்கோ."

"வீட்டை வந்து கதைப்பம், பிள்ளை."

"வீட்டை கதைச்சாச்சு. கார்ட் அடிச்சாச்சு எண்டுதான் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லுறா."

வரிசையில் வந்தவரை வெட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. தன் ஊர்க்காரரை மட்டும் விடுகிறார் என்று முன்பு யாரோ குறைசொன்னபோது நவரத்தினமே எழுதிச் சுவரில் ஒட்டியது. அதைப் பார்த்தார். பேர் சொல்லாமல் கதைத்தால் ஒருவருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டு, இணைப்பைக் கொடுத்தார்.

"எனக்குச் சடங்கு வேண்டாம்," என்றாள் ஆதிரை. "நான் வயசுக்கு வந்தது நானூறு பேருக்கு ஏன் தெரியவேணும்? என்ரை வகுப்புத் தமிழ்ப் பெடியள் ரெண்டு பேரும் வருவினம்."

உருத்திரமூர்த்தி சிரித்தார். "வெக்கத்திலை சொல்லுறீங்கள். மணவறையிலை ஏறி இருந்தால் இறங்க மனம் வராது, பாருங்கோ."

"அவ்வளவு விருப்பமெண்டால் நீங்கள் ஏறி இருங்கோ, மாமா."

சிவமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்குகிற அவசரத்தில், இருபது வருடமாக எந்தத் தமிழரைக் கண்டாலும் கேட்கிறதையே கேட்டார். "கெட்டிக்காரி. நீங்கள் ஆரின்ரை மகள், பிள்ளை? ஊரிலை எவடம்?"

"ஊர் தெரியாது. அப்பா உங்களுக்கு முன்னாலை, கண்ணாடிக்கு அங்காலை இருக்கிறார்."

ஆறேழு விநாடி வானொலியில் ஒரு சத்தமுமில்லை. நவரத்தினம்தான் ஒரு பாட்டைப் போட்டார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ரஞ்சினி எடுக்கவில்லை.

"ஏன் விட்டனீங்கள்?"

"வரிசையிலை வந்தவள்."

"உங்கடை வரிசையும் நீங்களும்! இனி அண்ணைக்கு என்ன சொல்லுறது? அவர் என்ரை வாசற்படி மிதிக்கமாட்டார்."

"ஏறமாட்டன் எண்ட பிள்ளையை இழுத்துக்கொண்டே ஏத்திறது? இப்ப எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு விருப்பமில்லையெண்டு. சபை எங்களைத்தான் பார்க்கும்."

ரஞ்சினி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து மேசையில் இருந்தாள்.

போனில் சொன்னால் சிதம்பரம் கத்துவார், பாதியில் வைத்துவிடுவார். கடிதமென்றால் முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும். நவரத்தினம் திகதி போட்டு, 'அன்புள்ள மைத்துனருக்கு' என்று தொடங்கி, சுகம் கேட்டு, மூன்றாம் பந்தியில் விஷயத்துக்கு வந்தார். முடித்ததும் சத்தமாக வாசித்தார். ஆதிரை கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றாள். 'ஆகவே சடங்கை ஒத்திவைத்துள்ளோம்' என்ற இடத்தில் குறுக்கிட்டாள்.

"எப்பத்தைக்கு?"

"என்ன எப்பத்தைக்கு?"

"ஒத்திவைச்சால் பிறகு ஒரு நாள் வரும்தானே. அது எப்ப?"

நவரத்தினம் மனைவியைப் பார்த்தார். அவள் மேசை விரிப்பின் சுருக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒரேயடியாய் எழுதுங்கோ," என்றாள் கடைசியில். "ரெண்டு தரம் அண்ணையிட்டைப் பேச்சு வாங்க என்னாலை ஏலாது."

அவர் தாளைக் கிழித்துப்போட்டு, திகதியிலிருந்து மறுபடி எழுதினார். 'சடங்கு செய்யவில்லை. பிள்ளைக்கு விருப்பமில்லை. ஆவணியில் நீங்கள் எடுத்த லீவுக்கு எங்களிடம் வந்து நில்லுங்கள்.' கீழே ரஞ்சினியும் கையெழுத்து வைத்தாள். உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். வெளியே வெயில் இன்னும் தாழவில்லை. தெருமுனை மஞ்சள் தபால் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டார். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.