கடுகு கொண்டுபோன டப்பா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. அந்த மாதத்து யோசனை இது: இரண்டு பெண்களுக்கும் பள்ளிக் கேன்டீனில் கொட்டும் காசை நிறுத்துவது, வீட்டிலேயே மதியச் சாப்பாடு கட்டுவது, மிச்சமாவதை வைத்து மாதக் கடைசிக்குள் துணி துவைக்கும் மெஷினுக்கு முன்பணம் கட்டுவது.

மெஷின் ஒன்றும் ஆடம்பரமில்லை. அவர் மனைவி அழகு நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் தலையை அலசுகிறாள். வீட்டுக்கு வந்தால் நாலு பேர் துணி வாளியில் காத்திருக்கும். விரல்கள் வீங்கி வெடித்து, கல்யாண மோதிரம் ஏறாமல் அலமாரியில் கிடக்கிறது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் மனுஷரைப் பிடுங்கித் தின்றது.

பெரியவள் உடனே தலையாட்டிவிட்டாள். சின்னவளுக்கு ஆறு வயது. ஆள் இருக்கிற அளவைப் பார்த்துக் கடுகு என்று பெயர். அவள் லேசில் மசியவில்லை. அக்காவை ஒப்பந்தம் எழுதவைத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டவும் வைத்தாள்: ‘ஒரே ஒரு நாள் நான் பட்டினி கிடந்தாலும் மறுநாளிலிருந்து கேன்டீன்.’ கீழே ஜாமில் தொட்டுக் கைநாட்டு.

சாப்பாட்டு டப்பா வாங்கவும் மெக்கானிக் காசை அவிழ்க்கவில்லை. அவர் கம்பெனிக்கு உதிரி பாகங்கள் தட்டையான தகர டப்பாக்களில் வரும். புதிதாக இரண்டைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் மூன்று தடவை கழுவி மேசையில் வைத்தார்.

“ஏங்க, உங்க சாமான் டப்பாவும் அச்சு அசல் இதே மாதிரிதானே இருக்கு? மாறிடாதா?”

“கட்டுக் கட்டா ஒயரைப் பிரிச்சுப் பாத்துப் பதினஞ்சு வருஷம் குப்பை கொட்டினவன் நான். எனக்கா மாறும்?”

பதினெட்டு நாள் மாறவில்லை.

பத்தொன்பதாம் நாள் மதியம் பன்னிரண்டேகாலுக்கு, ஒரு எட்டு மாடி அலுவலகத்தின் உச்சியில், லிஃப்ட் கதவுக்குப் புது உருளை மாட்ட டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு முயல் அவரைப் பார்த்துச் சிரித்தது. ரொட்டி முகம், கேரட் காது, திராட்சைக் கண். கடுகு கேரட் தின்ன வேண்டும் என்பதற்காக அவர் மனைவி விடிகாலையில் செய்த வேலை.

டப்பாவைப் படாரென்று மூடினார். முயல் இங்கே என்றால் உருளையும் நட்டும் போல்ட்டும், போல்ட்டுக்கு அடியில் மாட்டும் இரும்பு வளையங்களும் கடுகின் பையில். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. பிள்ளை பசியோடு திறப்பாள், அழுவாள், வீட்டுக்கு வந்ததும் ஒப்பந்தத்தைக் காட்டுவாள். மெஷின் அம்போ!

லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தது அவரேதான். ஆகவே எட்டு மாடியும் படிதான். ஐந்தாம் மாடியில் ஒரு குண்டு மேனேஜர் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, எப்பதான் சரியாகும்?”

“முயலைக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன் சார்!”

மேனேஜர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கூட்டர் பறந்தது. சிக்னல் ஒன்றுவிடாமல் சிவப்பு. பள்ளி வாசலில் காவல்காரம்மாவிடம் டப்பாவைத் திறந்து காட்டினார். அந்தம்மா முயலைப் பார்த்தார், கிரீஸ் அப்பிய முகத்தைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். மணி பன்னிரண்டு ஐம்பது.

சாப்பாட்டுக் கூடத்தில் அழுகைச் சத்தத்தைத் தேடினார். ஒரு மூலையில் கூட்டம் நெருக்கியடித்தது. நடுவில் பெஞ்சு மேல் கடுகு. அவள் முன்னால் அவித்த முட்டையில் பாதி, சீஸ் துண்டு, ஆப்பிள் கீற்று, பிஸ்கட் என்று ஒரு விருந்தே குவிந்திருந்தது. சுற்றி நின்ற பொடிசுகள் ஒவ்வொன்றின் விரலிலும் பளபளவென்று இரும்பு வளையம்.

“வளையத்துக்கு ஒரு கடி! போல்ட்டுக்கு ரெண்டு கடி! எங்கப்பா ராக்கெட்டுக்கு வச்சிருந்தது!”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கடுகு, பசிக்கலையாடா?”

“பசியா? வயிறு வெடிக்கப் போகுதுப்பா. நாளைக்கும் இதையே வை!”

ஒப்பந்தம் பிழைத்தது! அவருக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போலிருந்தது. ஆனால் உருளை? அது ரெட்டைப் பின்னல் போட்ட ஒருத்தியின் கைக்குள் இருந்தது. அவள் கெட்டிக்காரி. முயலைக் கண்டபிறகு வேறு எதற்கும் இறங்கி வரவில்லை. ஒரு கேரட் காதை மட்டும் தனக்குப் பிய்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. முழு முயலைக் கொடுத்து உருளையை மீட்டார். கடுகு பெரிய மனசு பண்ணி அப்பாவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். இலவசம்தான்.

சாயங்காலம் கதையைக் கேட்டு அவர் மனைவி சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. கண்ணைத் துடைக்க நுரைக் கையைத் தூக்கினாள். கடுகு அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இரு. உனக்கு ஒண்ணு எடுத்து வச்சேன். இதுக்கு அஞ்சு கடி தர்றேன்னாங்க. குடுக்கல.”

சட்டைப் பையிலிருந்து வந்தது, இருந்ததிலேயே பெரிய வளையம். வீங்கிய விரலில் முட்டியையும் தாண்டிச் சிக்காமல் ஏறி, அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு விரலையே பார்த்தாள். மெக்கானிக் சட்டென்று வாளிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் சட்டைகளைத் தானே கசக்க ஆரம்பித்தார். இந்த யோசனை ஏன் முதல் நாளே வரவில்லை என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

மாதக் கடைசியில் மெஷின் வந்தது. அடுத்த சில மாதங்களில் விரல் வீக்கமும் வற்றியது. இப்போது அலமாரியில் இருப்பது இரும்பு வளையமா, தங்க மோதிரமா என்று கேட்டால் அவள் கையை நீட்டிக் காட்டுகிறாள். மெலிந்த விரலிலிருந்து இரும்பு வளையம் கழன்று விழாமலிருக்க, அதற்கு முன்னால் நகத்துப் பக்கமாகத் தங்க மோதிரத்தைப் போட்டிருக்கிறாள்.