ராணி நடந்த எல்லை

உலகநாதன் விடிவதற்கு முன்பே எழுந்தான். உமிக்கரியால் பல் துலக்கினான். கிணற்றில் இறைத்துக் குளித்தான். பழையதும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டான். கோட்டை மாட்டிக்கொண்டு, அயனம்பாக்கத்திலிருந்து கிளம்பிச் செம்மண் மேட்டில் ஏறி, அதைப் பிளந்துகொண்டு இறங்கும் பள்ளவழியாக ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்தான். வழியில் பனையடியில் அவன் மனைவி தாட்சாயிணியின் சமாதி இருந்தது. நிற்கவில்லை. பட்டணத்தில் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதிவிட்டுச் சாயங்காலம் அதே வழியில் திரும்பினான். அப்போதும் நிற்கவில்லை. எட்டு மாதமாக இப்படித்தான்.

அந்த மேட்டுச் சரிவில் இரண்டு கரைகள் உண்டு. ஏரிக்கரைகள் அல்ல, தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியதே இல்லை. கள்ளி மண்டிய பழைய மண்கரைகள், அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இறங்கும். நடுவே பள்ளவழி. யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேற்குக் கரைதான் எல்லை என்பது கிழக்கே இருக்கும் அயனம்பாக்கத்தின் கட்சி. கிழக்குக் கரைதான் என்பது மேற்கே இருக்கும் பருத்திப்பட்டின் கட்சி. அதாவது, எதிர்க்கரை வரைக்கும் தன்னுடையது.

அந்த வழக்கினால்தான் தாட்சாயிணிக்கு இடம் கிடைத்தது. அவள் பருத்திப்பட்டுப் பெண், அயனம்பாக்கத்து மருமகள். காய்ச்சலில் தாய்வீட்டில் இறந்தாள். எங்கள் மண்ணில்தான் என்றார் அவள் அப்பா கங்காதர நாயக்கர். எங்கள் வீட்டு விளக்கு, எங்கள் மண்ணில்தான் என்றார் உலகநாதனின் அப்பா எத்திராஜ நாயக்கர். பொழுது சாய்கிறவரை ஒருவரும் இறங்கி வரவில்லை. யாரோ இரண்டு கரைக்கும் நடுவே உள்ள மேட்டுப் பனையடியைச் சொன்னார்கள். இரண்டு பேரும் உடனே சரி என்றார்கள். இரண்டு பேருமே அவளைத் தங்கள் ஊரில் புதைத்துவிட்டு, ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது மறுசர்வே வந்திருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஜெயராமன் சங்கிலியும் கல்லுமாக மேட்டில் நின்றார். ஒரு கரையில்தான் கல் நட முடியும் என்றார்.

"கல்லு கெழக்குக் கரையில வந்துச்சுன்னா, என் மருமவளைத் தோண்டி எங்க ஊருக்கு எடுத்துகினு பூடுவேன்" என்றார் எத்திராஜ நாயக்கர்.

"மேக்குக் கரையில வந்துச்சுன்னா, நீங்க கடப்பாரைய தேடுறதுக்குள்ள நான் மம்முட்டியோட வந்து நிப்பேன் சம்பந்தி" என்றார் கங்காதர நாயக்கர்.

இரண்டு பேரும் சொன்னால் செய்கிறவர்கள்.

அன்று சாயங்காலம் உலகநாதன் பள்ளவழியில் நின்றான். அவளை யாரும் அசைக்கக் கூடாது. அது ஒன்றுதான் வேண்டும். ஒரு கரையை எல்லை என்று நிரூபித்தால் ஒரு கடப்பாரை வரும். மற்றதை நிரூபித்தால் ஒரு மண்வெட்டி வரும். கரைகளை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டே நின்றான். கள்ளி கண்ணில் பட்டது. இரண்டு கரையிலும் கள்ளி.

கல்லூரியில் சரித்திரம் படித்தவன். பழைய ராஜாக்கள் ஓர் ஊருக்கு எல்லை வகுத்தால், ஒரு பெண் யானையை நடத்தி, அது போன தடத்தில் மண் கொட்டிக் கள்ளி நடுவார்கள் என்று செப்பேடுகளில் உண்டு. பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். அப்படியானால் இந்தப் பள்ளவழிதான் யானைத் தடம். ஊருக்கு ஒரு கரையாகத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். நடுவில் இருப்பது யாருக்கும் இல்லை. இது எந்தச் செப்பேட்டிலும் இல்லை, அவன் ஊகம்தான். ஆனால் ஊகம் வந்த வேகத்தில் அவனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஊர் ஊராக அரிசியும் தேங்காயும் வாங்க வரும் ராணி என்ற பெண் யானை, அந்த வாரம் திருவேற்காட்டுத் தோப்பில் கட்டியிருந்தது. உலகநாதன் இன்ஸ்பெக்டரிடம் போனான்.

"எங்க மானுவல்ல ஆனை இல்லீங்களே" என்றார் ஜெயராமன். பிறகு யோசித்தார். இரண்டு நாயக்கர்களுக்கும் நடுவே ஒரு வாரமாக வெயிலில் நின்றவர். இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தால் யானை என்ன, பூனை நடந்தாலும் தனக்குச் சம்மதம் என்றார்.

ஊர்கள் ஒப்புக்கொண்டன. யானை தன் கட்சி என்று இரண்டு ஊருக்குமே நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் கொஞ்சம் துணையும் செய்தார்கள். எத்திராஜ நாயக்கர் மேற்குக் கரை நெடுக வாழைத்தார் கட்டினார். கங்காதர நாயக்கர் கிழக்குக் கரை நெடுக வெல்லம் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டில் திருவிழாக் கூட்டம். மேளம் வேறு. தடம் சொல்கிறவர் மேலே இருக்கவேண்டும் என்று பாகன் வீராசாமி உலகநாதனை ராணியின் முதுகில் ஏற்றிவிட்டான். ராணி மேற்குக் கரையில் கால் வைத்து ஒரு தாரை இழுத்தது. கரை சரிந்தது. பின்வாங்கிக் கிழக்குப் பக்கம் திரும்பி வெல்லத்தைத் துழாவியது. அந்தக் கரையும் சரிந்தது. ராணி நடுவில் நின்று யோசித்தது. நடுவில் நின்றால் துதிக்கைக்கு இரண்டு பக்கமும் எட்டுகிறது. ஒரு வாழைப்பழம், ஒரு வெல்லம், ஒரு வாழைப்பழம், ஒரு வெல்லம் என்று பள்ளவழியில் இறங்கிவிட்டது.

வழி குறுகியது. யானையின் இரண்டு விலாவும் இரண்டு கரையிலும் உரசி மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கூட்டம் நெருங்கி எட்டிப் பார்த்தது. மேளக்காரர்கள் மட்டும் உற்சாகம் தாங்காமல் பின்னாலிருந்து ஓங்கி அடித்தார்கள். ராணி மிரண்டது. திரும்ப இடமில்லை. ஓடியது.

முன்னால் இன்ஸ்பெக்டர் ஓடினார், தொப்பியை ஒரு கையிலும் சங்கிலியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு. மேற்குக் கரைமேல் கங்காதர நாயக்கரும் கிழக்குக் கரைமேல் எத்திராஜ நாயக்கரும் வேட்டியை மடித்துக்கொண்டு, யானைக்குச் சரியாக ஓடிவந்தார்கள்.

"மாப்ளே, அந்தக் கரைமேல ஏத்து, அந்தக் கரைமேல ஏத்து!"

"டேய், அப்பன் சொல்றேன், அவரு பக்கம் வுடு!"

இரண்டு கிழவர்களும் எதிர்க்கரையைக் காட்டிக் காட்டிக் கத்தினார்கள். கள்ளி கிழிக்கிறது, செம்புழுதி எழும்புகிறது, யானைக் கழுத்து மணி அலறுகிறது, கீழே ஒரு இன்ஸ்பெக்டர் முருகா முருகா என்று பறக்கிறார். உலகநாதனுக்கு வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. முதலில் விக்கல் என்று நினைத்தான். சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, ராணியின் முதுகில் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தான். மேளம் நின்ற பிறகும் நிறுத்த முடியவில்லை.

பனையடியில் வழி அகலும் இடத்தில் ராணி நின்றது. மூச்சு வாங்கியது. உலகநாதன் சறுக்கி இறங்கினான். சமாதியைத் துதிக்கையால் ஒருமுறை முகர்ந்தது. பிறகு அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு சாதுவாகக் கீழே இறங்கியது.

ஜெயராமன் தரையில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார். யானை எந்தக் கரையிலும் போகவில்லை. கிழக்குக் கரை அயனம்பாக்கம், மேற்குக் கரை பருத்திப்பட்டு. நடுவே இருப்பது வழிப் புறம்போக்கு. கரைக்கு ஒன்றாக இரண்டு கல். புறம்போக்கில் யார் கடப்பாரை போட்டாலும் கேஸ்.

"அப்போ என் பொண்ணு எந்த ஊர்ல கீறா?" என்றார் கங்காதர நாயக்கர்.

"சர்க்கார் ஊர்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோற்றது யார் என்று தெரியாததால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. எத்திராஜ நாயக்கர் சம்பந்தியின் தோளில் ஒட்டிய கள்ளிமுள்ளை எடுத்துவிட்டார். ஆனாலும் மனசு ஆறாமல், மாமனார் ஊர் மண்ணில் வையுங்கள் என்றுதான் அவள் கடைசியாகச் சொன்னாள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லி வைத்தார். இல்லை, அப்பா என்னை நம் ஊரிலேயே வைத்துக்கொள் என்றுதான் சொன்னாள் என்றார் மற்றவர்.

அவள் கடைசியாகப் பேசிய நேரத்தில் இந்த இரண்டு பேரில் ஒருவர் டாக்டரை அழைக்கப் பூந்தமல்லி போயிருந்தார். ஒருவர் தோட்டத்தில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். அறையில் இருந்தவன் உலகநாதன் மட்டும். எங்கோ தெருக்கோடியில் ராணியின் மணி கேட்டது. பிறகு வேறு தெருவுக்குத் திரும்பிப் போனது.

நீங்கள் சொல்லுங்கள் என்றார் ஜெயராமன். உலகநாதன் சமாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சிரிப்பு இன்னும் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தது. கீழே ஓடைப் பக்கம் மணி ஆடி ஆடி ஒலித்தது. அவள் கண்ணைத் திறந்து, அந்த மணியைக் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே சொன்னான்.

"ஆனை வந்தா எழுப்புங்க. தூங்குறா பாவம்னு வுட்டுறாதீங்க."